எங்கள் கரையை யாரைக் கேட்டு எழுதிக் கொடுத்தீர்கள்?

கற்பிட்டிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பவளக்கல் சுவரைத் தடவிப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். எங்களுக்கு வயிறு எரிகிறது. யாருடைய மூச்சை அடைக்க அந்தச் சுவர் எழும்பியது என்று ஒருவராவது கேட்டதுண்டா?

1638 மே 23. மட்டக்களப்பில் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்துக் கம்பனித் தளபதி வெஸ்டர்வோல்ட்டும் போர்த்துக்கேயருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தார்கள். அவருக்குத் தீவு முழுவதும் வேண்டும்; இவர்களுக்குக் கறுவா வேண்டும். பிடிபடும் கோட்டைகளில் யார் படை இருப்பது என்ற 3ஆம் பிரிவு, மன்னரிடம் இருந்த பிரதியில் ஒரு மாதிரி, கம்பனியிடம் இருந்ததில் இன்னொரு மாதிரி! கரையில் இருந்த எங்களை யார் கேட்டார்கள்? 1939இல் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்கு போட்டபோது போலந்துக்காரரைக் கேட்டார்களா?

1656இல் கொழும்பு விழுந்தது. மன்னருக்கு அது கிடைக்கவில்லை. 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை' என்று அவருக்காக இன்றும் இரங்குகிறார்கள். எங்களுக்காக இரங்க ஒரு பழமொழிகூட இல்லையே!

1659இல் கற்பிட்டியும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1667 தொடங்கி 1676க்குள் கோட்டை எழும்பியது. புத்தளக் களப்பின் வாசலில் குந்திக்கொண்டு, நேற்றுவரை கூட்டாளியாயிருந்த கண்டிக்குப் போகும் துணியையும் அரிசியையும், அங்கிருந்து இறங்கும் பாக்கையும் மறித்தார்கள். அடி விழுந்தது மன்னருக்கு மட்டுமா? அந்தச் சரக்கை ஏற்றி இறக்கிப் பிழைத்த முஸ்லிம் வியாபாரிக்கும் தோணிக்காரனுக்கும் சோறு எங்கிருந்து வரும்? கத்தோலிக்கக் குருவை வீட்டில் ஒளித்தால் மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை போட்டவர்கள் அவர்கள். தொழிலும் போய், தொழுகிற சுதந்திரமும் போய்க் கிடந்தோம்.

பிறகு 1766 பெப்ரவரி 14. இன்னொரு போர், இன்னொரு பத்திரம். தீவின் கரை முழுவதும் கம்பனிக்கு. புத்தளத்திலும் சிலாபத்திலும் விளையும் உப்பைக் கண்டியார் எடுத்துக்கொள்ளலாமாம். அதற்குக் கம்பனி அனுமதி தந்ததாம்! வெயிலில் உப்பு வாரிக் கால் வெடித்தவனுக்கு அந்தப் பத்திரத்தில் ஒரு வரி உண்டா? 1795இல் கோட்டையை ஆங்கிலேயர் எடுத்தார்கள். அப்போதும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இன்று உள்ளே இருப்பது கடற்படை.

கோட்டையைக் காட்டி ஒல்லாந்தரின் கட்டடக் கலையைப் புகழ்கிறீர்கள். மறிக்கப்பட்ட பாக்குத் தோணியையும் சொல்லுங்கள். கூட்டுச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். 100 ஆண்டுக்கு மேல் அதற்கு விலை கொடுத்தவர்கள் நாங்கள். பிள்ளைகளின் வரலாற்றுப் புத்தகத்தில் அதையும் எழுதுங்கள்!