கடவுச்சொல்லை மாற்றலாம், சாதியை?

2027 பிப்ரவரியில் நம் வீட்டு வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளரின் கையில் காகிதப் படிவம் இருக்காது, கைப்பேசி இருக்கும். நாட்டின் முதல் டிஜிட்டல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இது. எல்லாச் சாதியினரையும் சாதிவாரியாக எண்ணுவது என்று ஒன்றிய அமைச்சரவை 2025 ஏப்ரல் 30 அன்று முடிவெடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோரும் தங்கள் சாதியைச் சொல்லப்போவது இப்போதுதான்.

நமக்கு இது புதிதல்ல. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 1951 முதல் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எண்ணப்பட்டுத்தான் வருகிறோம். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டவர்களிலும் நாம் இருக்கிறோம். எண்ணிக்கை தெரியாமல் பங்கு கேட்க முடியாது. ஆகவே கணக்கெடுக்கலாமா என்பது நம் கேள்வி அல்ல. எண்ணி முடித்த பிறகு அந்த விவரம் யார் கையில் இருக்கும், பூட்டு எங்கே, சாவி யாரிடம் என்பதே கேள்வி. கணினிப் பாதுகாப்பு என்பதை நகரத்து மென்பொருள்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுவோம்.

அதிகம் கொடுப்பவர் யார்?

வசதியுள்ள ஒரு வீட்டுப் பிள்ளை அரசிடம் எத்தனை முறை தன் சாதியைச் சொல்கிறான்? பள்ளியில் ஒரு முறை, கல்லூரியில் ஒரு முறை. நம் வீட்டுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். உதவித்தொகைக்கு, விடுதிக்கு, தாட்கோ கடனுக்கு, மனைப் பட்டாவுக்கு என்று ஒவ்வொரு படியிலும் சாதிச் சான்றிதழ். கூடவே வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண். ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவே செயலியில் ஏற்றும் படம் என்றானது. 2024 ஜனவரி முதல் கூலியும் ஆதார் வழியாகத்தான் என்றார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேரப் போனாலும் முதலில் கேட்பது ஆதார் நகல்தான்.

2011 கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்ட மக்களில் ஏறக்குறைய 22 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் உழைக்கும் இருளர்கள் தனி. அரசின் உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே அரசிடம் அதிக விவரம் கொடுக்கிறார்கள். கசிவு ஏற்பட்டால் அதிகம் இழப்பவர்களும் அவர்களே.

கசிவு வெறும் கற்பனையல்ல. 2021 ஜூன் மாத இறுதியில், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் பெயர், ஆதார் எண், முகவரி, குடும்ப விவரம் ஆகியவை இணையத் திருடர்களின் தளத்தில் கிடப்பதாக ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. 2023 ஜூனில், கோவின் தளத்தில் தடுப்பூசிக்குப் பதிந்தவர்களின் விவரங்கள் டெலிகிராம் செயலியில் கேட்டவுடன் கிடைத்தன. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்திலேயே ஊடுருவல் நடந்தது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க வைத்த பெட்டியையே யாரோ திறந்து பார்த்தார்கள்.

“ரேஷன் விவரத்தில் சாதி இல்லையே, நமக்கென்ன?” என்று கேட்கலாம். முகவரி இருக்கிறதே! நம்மில் பலருடைய முகவரியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் “காலனி” என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த ஒரு சொல் போதும், சாதிப் பெயரைத் தனியாக எழுத வேண்டியதில்லை. அது வசைச்சொல்லாகவே ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் 2021-இல் வெளியே போன பட்டியலில் பழைய முகவரிதான் இருக்கிறது. அதை எந்த அரசாணையாலும் திரும்ப அழைக்க முடியாது.

கடல் தாண்டிய ஒரு கசிவு

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டை போனால் வேறு அட்டை வாங்கலாம். சாதி தெரிந்துபோனால் எதை மாற்றுவது? அமெரிக்க மென்பொருள் துறையைக் குலுக்கிய சிஸ்கோ வழக்கை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இந்திய வம்சாவளி மேலாளர்கள் இருவர் மீதும் வழக்கு தொடுத்தது. ஐஐடியில் படித்த ஒரு தலித் பொறியாளர் இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்பதும், அதைக் கேள்வி கேட்ட பிறகு அவர் ஒதுக்கப்பட்டார் என்பதும் குற்றச்சாட்டு. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் முறையிட்டபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று சொல்லிவிட்டார்கள் என்றும் அரசுத் துறை கூறியது. நிறுவனமும் மேலாளர்களும் மறுத்தார்கள். மேலாளர்கள் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் அந்தத் துறையே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது.

தீர்ப்பு எப்படி வந்தாலும், அந்தக் குற்றச்சாட்டின் கரு நமக்கு முக்கியம். இந்தியாவில் ஒரு கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் இருந்த ஒரு வரி பல ஆண்டுகளுக்குப் பிறகு, கடல் கடந்து, வேறொரு நாட்டின் அலுவலகத்தில் ஒருவரின் மீது விழுந்தது என்பதே அது. யாரும் கணினியை உடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் வாயைத் திறந்தால் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு அமெரிக்காவில் விவாதம் வளர்ந்தது. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, இருக்கும் சட்டமே போதும் என்று சொல்லி 2023 அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். நம் ஊரில் அந்த அளவுக்குக்கூட விவாதம் இல்லை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சாதி சொல்லி ஒதுக்கினால், பதவி உயர்வைத் தடுத்தால் விசாரிக்கத் தனியார் நிறுவனத்தில் எந்தக் குழுவும் கட்டாயம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும். ஆனால் சிரித்த முகத்தோடு செய்யப்படும் புறக்கணிப்பை அதைக் கொண்டு நிரூபிப்பது கடினம்.

நம் மாவட்டத்துக்கு இது அவசரமான விஷயம். பட்டாபிராமில் 330 கோடி ரூபாயில் 21 தளங்களோடு எழுந்த டைடல் பூங்கா 2024 நவம்பர் 22 அன்று திறக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பிள்ளைகள் அந்தக் கட்டடத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள். ஊரில் யார் எந்தச் சாதி என்று எல்லோருக்கும் தெரியும். 2020 சுதந்திர தினத்தன்று ஆத்துப்பாக்கத்தில் தலித் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடாமல் தடுத்ததும், 2022 அக்டோபரில் இடிக்கப்படும்வரை தொக்கமூரில் தீண்டாமைச் சுவர் நின்றதும் இதே கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில்தான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாக விமர்சித்ததற்குக் காரணம் இருந்தது. நகரத்தின் பயனே, முன்பின் தெரியாதவர் நடுவில் வேலையால் மட்டும் அறியப்படலாம் என்பதுதான். சாதி விவரம் கசிந்தால் கிராமம் நம் பின்னாலேயே நகரத்துக்கு வந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2018-இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவிலும், 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும், தனிக் காவல் தேவைப்படும் விவரங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. உடல்நலம், பணக் கணக்கு, கைரேகை ஆகியவற்றோடு “சாதி அல்லது பழங்குடி” என்பதும் அதில் இடம்பெற்றது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. ஒருவர் இணையத்தில் வாங்கிய செருப்பின் அளவும் அவருடைய சாதியும் இந்தச் சட்டத்தின் முன் ஒரே தட்டில் நிற்கின்றன.

இன்னும் சில ஓட்டைகள் உண்டு. மானியம், சான்றிதழ் போன்றவற்றுக்காக அரசு ஏற்கெனவே வைத்திருக்கும் விவரங்களைப் பயன்படுத்தப் புதிதாக நம் சம்மதம் வாங்கத் தேவையில்லை. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசின் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. நிறுவனங்களிடம் இழப்பீடு கேட்க வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவும் நீக்கப்படவிருக்கிறது. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற நல்ல விதியும் இதில் இருக்கிறது. ஆனால் 2025 நவம்பர் அறிவிக்கையின்படி முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே மாதத்தில்தான் உயிர்பெறும். சாதி கேட்கும் கணக்கெடுப்போ அதற்கு முன்பே, பிப்ரவரியில்.

இதில் ஒரு பிரிவு காத்திருக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, “தனிப்பட்ட தகவல்” என்று சொல்லி விவரம் தர மறுப்பதை எளிதாக்கிய பிரிவு உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது. தொகுப்பு வீடு யாருக்குப் போனது என்று நாம் கேட்டால் கதவைச் சாத்த வழி கிடைத்துவிட்டது. நம் விவரம் வெளியே போகாமல் தடுக்கும் கதவு இன்னும் மாட்டப்படவில்லை.

மறைப்பது தீர்வா?

அப்படியானால் சாதியைச் சொல்லாமலே இருந்துவிடலாமா? கூடாது. சொல்லாவிட்டால் இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் துணைத் திட்ட நிதியும் போய்விடும். 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனிநபரின் பதில்களை யாரும் பார்வையிடக் கூடாது, வழக்கில் சாட்சியமாகவும் ஏற்கக் கூடாது என்கிறது. கணக்கெடுப்பாளரிடம் தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள். சாதியில் வெட்கப்பட நமக்கு ஒன்றும் இல்லை. எங்கே சொல்வது, யாருக்குச் சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை நம்முடையதாக இருக்க வேண்டும், அவ்வளவே.

அந்த உரிமை வகுப்பறையில் தொடங்குகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, சாதி சொல்லி மாணவரை அழைக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தை மற்ற மாணவர்கள் முன் வெளிப்படுத்தக் கூடாது என்றது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் “எஸ்.சி. மாணவர் பட்டியல்” என்று கோப்பு அனுப்புவதும் ஒரு தரவுக் கசிவுதான். அதைத் தடுக்கக் கணினி வல்லுநர் தேவையில்லை. தலைமையாசிரியரின் ஓர் உத்தரவு போதும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, சாதி விவரத்தைத் தனிக் காவலுக்குரிய தகவலாகச் சட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும். இரண்டு, கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வேண்டும். மூன்று, அரசின் இடமும் சலுகையும் பெறும் நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டை விசாரிக்கும் குழு வேண்டும். பட்டாபிராமிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

நாம் இன்றே செய்யக் கூடியவையும் உண்டு. ஆதார் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுக்கலாம். ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள். ஜெராக்ஸ் கடையிலும் இணைய மையத்திலும் சான்றிதழை அனுப்பிப் பிரதி எடுத்தால், அந்தக் கணினியிலிருந்து கோப்பை அழித்துவிட்டு வாருங்கள். பத்திரப்பதிவு ஆவணத்தின் கைரேகையை நகலெடுத்துப் பணம் திருடிய கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. ஆகவே ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வையுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். “உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்” என்று யார் அழைத்தாலும் துண்டித்துவிடுங்கள். பணம் பெற யாரும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண்ணும் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நிரல் எழுதக் கற்றுக்கொள்வதோடு இணையப் பாதுகாப்பையும் படியுங்கள். நம் மக்களின் விவரம் இருக்கும் அறையின் சாவியை வைத்திருப்பவர்களில் நம்மவர்களும் இருக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் எழுந்து, “எங்கள் விவரம் எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள்?” என்று கேளுங்கள். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்கார வேண்டாம்.