ஏழை வேடத்துக்கு எழுநூறு ரூபாய் வாடகையா?

பள்ளிக்கூடத்தில் விழா நடத்துவதற்கு நான் எதிரி அல்ல. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் பிள்ளைகள் மேடை ஏறி நாடகம் போட்டால், முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட நான் தயார். விழாவுக்குப் பத்து நாள் முன்பு வீட்டுக்கு வருகிறதே ஒரு அறிவிப்பு, என் சண்டையெல்லாம் அதோடுதான்.

எங்கள் வீதியில் ஒரு குழந்தை ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா பனியன் கம்பெனியில் டைலர். போன டிசம்பரில், "ஏனுங்க சார், இதுல என்னன்னு போட்டிருக்குதுங்க?" என்று செல்போனை என்னிடம் நீட்டினார். டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்' நாடகமாம். விக்டோரியா ராணி காலத்து உடையாம். பள்ளி சொல்லும் கடையில்தான் எடுக்க வேண்டுமாம். வாடகை 700 ரூபாய், அட்வான்ஸ் 500. குழந்தைக்குக் கொடுத்திருந்த வேடம், ஏழைக் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் மகள்.

ஏழைப் பெண்ணாக நடிக்க எழுநூறு ரூபாய்! அதுவும் தையல் வேலை செய்கிறவரின் மகளிடம்! உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் திருப்பூரில்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாவது பரவாயில்லை. இங்கே ஊசியை வாடகைக்கு அல்லவா விடுகிறார்கள்.

அறிவிப்பு எழுதியவர்கள் அந்தக் கதையைப் படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். டிக்கன்ஸை முதலில் பிரெஞ்சில்தான் படித்தேன். பிறகு நானே குமாஸ்தா ஆனதால் பாப் கிராட்சிட் எனக்கு உறவுக்காரன் மாதிரி. அவனுக்கு வாரம் 15 ஷில்லிங் சம்பளம், நம்மூர் கம்பெனிகளைப் போலவே சனிக்கிழமை பட்டுவாடா. குளிர்காலத்தில் ஓவர்கோட் கிடையாது, கழுத்தில் ஒரு மப்ளர் மட்டும்.

பண்டிகை நாளில் அந்தக் குடும்பம் என்ன உடுத்தியது என்பதை டிக்கன்ஸ் விவரமாகவே எழுதியிருக்கிறார். பாப்பின் உடுப்பு நைந்துபோனது. பண்டிகைக்காக அதைத் தைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மனைவியின் கவுன் இரண்டு முறை பிரித்துத் திருப்பித் தைத்தது. துணி வெளுத்தால் பிரித்து, உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைப்பது அந்தக் காலத்து வழக்கம். மேலே கட்டிய ரிப்பன் ஆறு பென்னிக்கு வாங்கியது. மகன் பீட்டர் அப்பாவின் சட்டைக் காலரை மாட்டிக்கொண்டு ஜம்பமாக நிற்கிறான். மூத்த மகள் மார்த்தா பெண்கள் தொப்பி தைக்கும் கடையில் வேலை பழகுகிறவள். பண்டிகையன்று அவள் தாமதமாக வருகிறாள். ஏன்? முந்தின நாள் இரவு வேலை முடிக்க வேண்டியிருந்தது! திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? ஷிப்மென்ட் நாளில் நைட் பார்த்துவிட்டு வீடு திரும்பும் நம் பெண்பிள்ளைகள்தானே மார்த்தா?

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தக் கதை வெளிவந்தது 1843 டிசம்பர் 19-ல். அதே கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் தாமஸ் ஹூட் என்ற கவிஞர் 'சட்டையின் பாட்டு' என்ற கவிதையைப் பெயர் போடாமல் வெளியிட்டார். கந்தல் உடுத்தி, அரை வயிற்றுக்குச் சட்டை தைத்தே தேய்ந்துபோகும் ஒரு பெண்ணைப் பற்றியது அது. ஆக, விக்டோரியா காலத்துக் கிறிஸ்துமஸ் என்றாலே அதில் தையல்காரியின் பாடும் இருக்கிறது. அதை மேடையேற்றத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் எது? நாம் என்னடாவென்றால் தையல்காரியிடமே வாடகை வசூலிக்கிறோம்.

வாடகைக் கடை கொடுத்தது என்ன தெரியுமா? பளபளக்கும் பாலியஸ்டர் சாட்டின், நெஞ்சு முழுக்க ஜிகினா. ஏழைக் குமாஸ்தாவின் மகள் ராஜகுமாரி மாதிரி வந்து நின்றாள். உடம்பெல்லாம் அரிப்பு, இடுப்பில் நாலு ஊக்கு. டிக்கன்ஸ் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அந்த உடையை வீட்டில் தைக்க என்ன வேண்டும்? காதர்பேட்டையில் கொஞ்சம் கட்பீஸ், கம்பெனியில் எடைக்குப் போடும் கட்டிங் வேஸ்ட், பீரோவில் தூங்கும் ஒரு பழைய நூல் புடவை. புடவையில் மூன்று மீட்டரை இடுப்பில் சுருக்கினால் நீளப் பாவாடை. உள்ளே கஞ்சி போட்ட இரண்டு உள்பாவாடை கட்டினால் குடை மாதிரி விரிந்து நிற்கும். எஃகு வளையம் வைத்த பாவாடை 1856-க்குப் பிறகு வந்ததுதான். அதற்கு முன் அங்கேயும் உள்பாவாடை மேல் உள்பாவாடைதான். ஃப்ரில்லுக்குப் பனியன் துணியை இரண்டு அங்குல அகலத்தில் நீளமாக வெட்டுங்கள். பின்னல் துணி என்பதால் ஓரம் மடித்து அடிக்கவே வேண்டாம், சுலபமாகப் பிரியாது. ஓரம் தானாகச் சுருண்டு அழகாக நிற்கும். தொப்பிக்கு அட்டைப்பெட்டி. மப்ளருக்கு ரிப் துணியில் ஒரு பட்டை. சால்வைக்குப் பாட்டியின் மாங்காய் பார்டர் புடவை. இங்கிலீஷ்காரன் 'பெய்ஸ்லி' என்று பெருமைப்படும் டிசைன் காஷ்மீர்ச் சால்வையிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போன நம் மாங்காய்தான். நூல், எலாஸ்டிக், ரிப்பன் எல்லாம் சேர்த்தாலும் நூறு ரூபாயைத் தாண்டாது.

"எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தினால்தானே ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியாது?" என்பார்கள். பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டுவிடுகிறது. அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை!

"வாடகைக் கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். பிழைக்கட்டும். ராஜா ராணி வேடத்துக்கு அவரிடம் போகட்டும். கந்தலை வாடகைக்கு விடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அம்மாவுக்குத் தைக்க ஏது நேரம்?" இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. பாரத்தை அந்த அம்மா தலையில் கட்டச் சொல்லவில்லை. பத்து நாளுக்குப் பதிலாக ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். கைவேலை வகுப்பில் பிள்ளைகளே ஓட்டுத் தையல் போடட்டும், பையன்களும் சேர்த்துத்தான். மிஷின் வேலைக்கு, டைலராக இருக்கும் பெற்றோரில் இரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து, பள்ளியே ஒரு ஷிப்ட் சம்பளம் கொடுக்கட்டும். தைத்ததைப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

இதில் காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால், "கம்பெனிக்குப் போறாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கின்றன நம் பிள்ளைகள். அந்தக் கையில் இருக்கும் வித்தையால்தான் இந்த ஊரே சோறு தின்கிறது. அதற்கு மதிப்பில்லை, கடையில் தொங்கும் ஜிகினாவுக்குத்தான் மதிப்பு என்று பள்ளிக்கூடமே சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை அம்மாவை எப்படிப் பார்க்கும்?

ஆகவே தாளாளர்களே, தலைமையாசிரியர்களே, வரும் டிசம்பர் அறிவிப்பில் ஒரே ஒரு வரி சேருங்கள்: "வாடகை உடை அனுமதி இல்லை." நாடகம் முடிந்து ஆசிரியர்களின் பெயரையெல்லாம் மைக்கில் சொல்லும்போது, உடை தைத்தவர்களின் பெயரையும் சொல்லுங்கள்.