புல்லட்டும் மின்சாரமும்

2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் இத்தாலி தேசத்து மிலான் நகரில், சென்னையைத் தலைமை ஸ்தானமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் தங்களுடைய முதல் மின்சார மோட்டார் சைக்கிளை உலகத்தின் பார்வைக்கு வைத்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பாராசூட் மூலம் போர்க்களத்தில் இறக்கப்பட்ட பழைய சிறு வண்டியின் பெயரையே, 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்று, அதற்குச் சூட்டினார்கள். தெருக்கோடியில் வரும்போதே வருவது இன்னதென்று வீட்டிலுள்ளோருக்கு அறிவித்துவிடும் புல்லட்டைச் செய்தவர்கள், சப்தமற்ற வண்டியைச் செய்ய முற்பட்டிருப்பது சாமான்ய விஷயமன்று. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பட்டறை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது வேடிக்கைச் செய்தியுமன்று.

புல்லட்டின் ஓசை போய்விடுமே என்று வருந்துவோர் பலர். அவர்களை நாம் பரிகசிக்கவில்லை. அமெரிக்காவில் டாட்ஜ் கம்பெனியார் பட்ட பாடு அந்த ஓசைக்குள்ள மதிப்பைக் காட்டும். எட்டு சிலிண்டர் எஞ்சினின் உறுமலுக்கே பேர்பெற்ற தங்கள் சார்ஜர், சாலஞ்சர் கார்களை 2023-ம் வருஷ முடிவோடு நிறுத்திவிட்டு, 2024-ல் மின்சாரச் சார்ஜரை வெளியிட்டார்கள். செயற்கையாக உறுமும் கருவி ஒன்றையும் அதில் பொருத்தினார்கள். ஜனங்கள் மயங்கவில்லை. அதில் ஒரு ரகத்தை 2026-ம் வருஷ வரிசையிலிருந்து நீக்கியதோடு, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய சார்ஜரையும் கம்பெனியார் கொண்டுவர நேர்ந்தது. என்ஃபீல்டு கம்பெனியார் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. புல்லட்டைப் புல்லட்டாகவே விட்டு, மின்சார வண்டிக்கு வேறு பெயரும் வேறு உருவமும் அளித்தார்கள். 2024–25-ல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விற்ற அவர்களுக்கு அவசரமும் இல்லை.

ஆகவே பெட்ரோல் எஞ்சின் நாளைக்கே மறைந்துவிடாது. ஆயினும் மாறுதல் வரும் வழி தெரிந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலுள்ள மோட்டார் சைக்கிளுக்கு 18 சதவீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 40 சதவீதமும் வரி; மின்சார வண்டிக்கோ 5 சதவீதமே. சர்க்காரின் உத்தேசத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் உரைக்காது.

புல்லட் பிறப்பால் நம்முடையதன்று. 1932-ல் இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் ஊரில் தோன்றியது அது. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸாரும் இங்கிலாந்துக் கம்பெனியாரும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை ஸ்தாபித்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுப்பினார்கள். ஆரம்பத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டுவதே வேலையாயிருந்தது. பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றோம். 1970-ஐ ஒட்டி இங்கிலாந்துத் தொழில் அஸ்தமித்தது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. அன்னியச் சரக்கு சுதேசிச் சரக்காவதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுமா?

இந்தச் சுதேசித்தன்மை தொழிற்சாலையின் மதிலோடு நின்றுவிடவில்லை. டாப்பெட்டைச் சரிசெய்யவும், கிளட்ச் தட்டை மாற்றவும், கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டவும் சிற்றூர்களின் மெக்கானிக்குகள் அறிந்துகொண்டார்கள். குருவின் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பையன் பத்து வருஷத்தில் தானே ஒரு பட்டறைக்கு முதலாளியானான். பள்ளிக்கூடம் கொடுக்காத பிழைப்பைப் புல்லட் கொடுத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்து கார்புரேட்டர் போனபோதே இவர்களுக்கு முதல் அடி விழுந்தது. காதால் கேட்டுக் கண்டறிந்த கோளாறைக் கருவி வைத்துக் கண்டறிய வேண்டியதாயிற்று. மின்சார வண்டியிலோ பிஸ்டனும் இல்லை, பிளக்கும் இல்லை. பாட்டரி மூடி முத்திரையிட்ட பெட்டி. அதை ஆள்வது கம்பெனியின் கணக்குப்படி நடக்கும் மின்னணு மூளை. அதைத் திறக்கும் சாவி கம்பெனியின் கையிலேயே இருந்துவிட்டால், விழுப்புரத்து மெக்கானிக்குக்கு வண்டியைத் துடைத்து வைப்பதைத் தவிர வேறு வேலை இராது.

விழுப்புரமும் திண்டிவனமும் இத்தகைய மாறுதலை முன்னரே கண்ட ஊர்கள். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரையுள்ள மீட்டர் கேஜ் ரயில் பாதை 1960-களில் மின்சாரமயமாயிற்று. ஜப்பானில் செய்த மின்சார எஞ்சின்கள் விழுப்புரம் வரையில் வண்டியை இழுத்து வந்தன. அதற்குத் தெற்கே போகவேண்டிய வண்டிக்கு விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றினார்கள். அன்று கரி அள்ளிப்போட்ட தொழிலாளிக்கு ரயில்வே என்ற எஜமானன் இருந்தது. அவனுக்கு மாற்று வேலை கொடுக்கும் பொறுப்பை அதனிடம் கேட்க வழியிருந்தது. சாலையோரத்து மெக்கானிக்குக்கு எஜமானன் யார்? அவன் யாரிடம் போய்க் கேட்பான்?

சர்க்காரிடம்தான் கேட்கவேண்டும். தமிழ்நாட்டு சர்க்கார் சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுப்பித்து, மின்சார வாகனப் பயிற்சிக்கும் இடமளித்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அது இளைஞர்களுக்கான ஏற்பாடு. நாற்பத்தைந்து வயதில் குடும்பத்தைச் சுமப்பவன் பட்டறையைப் பூட்டிவிட்டு ஒரு வருஷம் படிக்க முடியாது. அவனுக்கு அவனுடைய ஊரிலேயே, மாலை வேளையில், சில வாரங்களில் முடியும் பயிற்சி வேண்டும். பழுதுபார்க்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் அமைத்த குழுவின் ஆலோசனைக்கு மோட்டார் வாகனங்களும் உட்பட்டவை. அவ்வுரிமை சட்டமாகவேண்டும். பழுதுபார்க்கும் முறைகளையும் உதிரி பாகங்களையும் நியாயமான விலைக்கு வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்கக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தவேண்டும்.

இதற்குச் சமமான மற்றொரு விஷயமும் உண்டு. தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் நாம் அன்னிய நாடுகளிலிருந்து வாங்குகிறோம். அந்தத் தளையை மின்சாரம் தளர்த்தும் என்பது உண்மை. ஆனால் பாட்டரிக்கு உயிரான லித்தியம் செல்லும், மோட்டாருக்கு வேண்டிய அருமண் காந்தமும் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வருகின்றன. 2025 ஏப்ரலில் சீனா அக்காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் நம் நாட்டு மின்சார வண்டித் தொழிற்சாலைகள் திணறின. அருமண் அடங்கிய மணல் நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்க, காந்தத்துக்காக நாம் பீக்கிங்கின் முகத்தைப் பார்த்து நிற்கிறோம். 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்தது நல்ல ஆரம்பம். ஆனால் செல் உற்பத்திக்கென 2021-ல் வகுத்த 18,100 கோடி ரூபாய்த் திட்டம் 2025 வரையில் குறித்த அளவில் மிகச் சிறு பங்கையே எட்டியது. காகிதத்தில் தீட்டிய திட்டத்தால் வண்டி ஓடாது.

திருவொற்றியூர் காட்டிய வழி நம் கண்முன் இருக்கிறது. பிறர் பொருளைப் பூட்டுவதில் ஆரம்பித்து, அதை முற்றிலும் நமதாக்கிக்கொண்டு, பட்டறை வரையில் அந்த வித்தையைப் பரப்பினோம். மின்சார வண்டியிலும் அவ்விதமே செய்தால் இந்த மாறுதலை நாம் மனமார வரவேற்கலாம். இல்லாவிடில் அரேபியாவின் எண்ணெய்க்குப் பதில் சீனாவின் செல் என்று எஜமானனை மாற்றிக்கொண்டவர்களாவோம். புல்லட்டின் ஓசை அடங்கினால் அடங்கட்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பட்டறைகளின் ஓசை அடங்கலாகாது.