கதவை அடைத்தால் கடிகாரமும் நிற்க வேண்டும்

எங்கள் நாகமலை புதுக்கோட்டையில் துணை மின்நிலையப் பராமரிப்புக்காக அவ்வப்போது ஒரு நாள் பகலில் மின்சாரம் நிறுத்தப்படும். முதல் நாளே நாளிதழில் 'நாளை மின்தடை' என்ற தலைப்பில் செய்தி வந்துவிடும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தப் பகுதிகள் என்று கீழக்குயில்குடி, வடிவேல்கரை, துவரிமான் என ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். அதைப் பார்த்து வீடுகளில் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்வார்கள். மாவு மில்லுக்குச் செல்ல வேண்டியவர்கள் முந்தைய மாலையே சென்று வருவார்கள். மின்தடையால் சிரமம் உண்டு. ஆனால், யாருக்கும் பெரிய மனக்குறை இருப்பதில்லை. எப்போது போகும், எப்போது வரும் என்பது தெரிந்திருப்பதே காரணம்.

இணையத்தில் இயங்கும் வணிகச் சேவைகளும் இதேபோல் பராமரிப்புக்காக நிறுத்தப்படுகின்றன. ஆனால், அந்த நிறுத்தம் மின்வாரியத்தின் நிறுத்தத்தைப்போல நமக்குப் பழகிய ஒன்றாக இன்னும் ஆகவில்லை. அதற்கான காரணத்தை அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் உணர்ந்தேன்.

தேனி சாலையை ஒட்டிய சிறு வணிகர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அவர்களில் ஒருவர் குழாய், பெயின்ட், இரும்புச் சாமான் விற்கும் கடைக்காரர். ஆண்டுச் சந்தா கட்டி இணையவழிக் கணக்கு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறார். பில் போடுவது, சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி, ஜிஎஸ்டி விவரம் எல்லாம் அதற்குள்தான். அந்த ஞாயிறு மாதத்தின் 20-ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். அரசின் இணையதளத்துக்கு ஞாயிறு விடுமுறை இல்லை என்பதால் கடைசித் தேதியும் தானாகத் தள்ளிப்போவதில்லை.

காலை பத்தரை மணிக்கு மென்பொருள் திறக்கவில்லை. 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. மின்னஞ்சலைத் தேடியபோது ஐந்து நாள்களுக்கு முன் வந்த அறிவிப்பு கிடைத்தது. வலையமைப்பை மேம்படுத்துவதற்காகச் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு அதிகாலை 4 மணி வரை சேவை இருக்காது என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. யாரும் வேலை செய்யாத நேரம்தான். ஆனால், அது அமெரிக்க மேற்குக் கரையின் நேரம். நமக்கு அது ஞாயிறு காலை 10.30 முதல் மாலை 4.30 வரை. அவர்களுடைய நள்ளிரவு நம்முடைய கடை நேரமாக விடிந்தது.

வாசலில் உசிலம்பட்டிக்குச் செல்ல வேண்டிய சரக்கு வண்டி நின்றது. சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் என்பதால் இ-வே பில் இல்லாமல் அனுப்ப முடியாது. பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதினோம். இ-வே பில்லை அரசின் தளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்தோம். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண், பொருள்களுக்கான குறியீடு, விலை எல்லாம் மூடிக்கிடந்த மென்பொருளுக்குள் இருந்ததால், பத்து நிமிட வேலை இரண்டு மணி நேரம் ஆனது. மாலை நாலரைக்குத் திரும்பும் என்ற சேவை இரவு 9 மணிக்குத்தான் திரும்பியது. படிவத்தைத் தாக்கல் செய்து முடித்தபோது நள்ளிரவுக்கு இருபது நிமிடங்களே இருந்தன.

தவறியிருந்தால் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய். செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒரு நாளுக்குக் கணக்கிட்டால் தொகை பெரிதல்ல. ஆனால், அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்வி சிறியதல்ல: "மூடுறது அவங்க, அபராதம் மட்டும் நமக்கா சார்?"

அவர்கள் செய்ததில் ஒப்பந்தப்படி எந்தத் தவறும் இல்லை. 'ஆண்டில் 99.9 சதவீத நேரம் இயங்கும்' என்பது இத்தகைய சேவைகள் வழக்கமாகத் தரும் உறுதி. எஞ்சும் 0.1 சதவீதம் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம். அந்த ஒரு ஞாயிறிலேயே பத்தரை மணி நேரம் சேவை இல்லை. ஆயினும், முன்னறிவிப்புடன் செய்யப்படும் பராமரிப்பு இந்தக் கணக்கில் சேராது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு விதிவிலக்கு இருக்கும். எனவே, ஏட்டில் அந்த ஆண்டும் 99.9 சதவீதமாகவே இருக்கும்.

பராமரிப்பே கூடாது என்று நான் வாதிடவில்லை. பழைய ரௌட்டர்களையும் சுவிட்சுகளையும் மாற்றாமல், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காமல் ஒரு சேவையை ஆண்டுக்கணக்கில் ஓட்ட முடியாது. தள்ளிப்போடப்படும் பராமரிப்பு, பிறகு சொல்லாமல் வரும் முடக்கமாக மாறும். ஒவ்வொன்றுக்கும் இரட்டைப் பாதை அமைத்து, ஒன்றை நிறுத்தி மற்றொன்றில் சேவையை ஓட்டலாம். அதற்குச் செலவு அதிகம். அந்தச் செலவு இறுதியில் சந்தாவில்தான் வந்து விழும். ஆகவே, திட்டமிட்ட நிறுத்தம் தவிர்க்க முடியாதது. பல நேரங்களில் விரும்பத்தக்கதும்கூட. கேள்வி, அதன் சுமையை யார் சுமப்பது என்பதே.

இதை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறை புதிய இணையதளத்தைத் தொடங்கியது. அதற்காகப் பழைய தளம் ஜூன் 1 முதல் 6 வரை மூடப்பட்டது. அந்த நாள்களில் வரி செலுத்துவோருக்கு எந்தக் காலக்கெடுவும் வைக்கப்படாது என்றும், விசாரணைகளை ஜூன் 10 முதலே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் துறை முன்கூட்டியே அறிவித்தது. மூடுகிறவரே காலக்கெடுவையும் நகர்த்திய நல்ல முன்னுதாரணம் அது.

புதிய தளம் பின்னர் பட்ட பாடு வேறு கதை. தொடங்கிய மறுநாளே புகார்கள் குவிந்தன. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளமே கிடைக்காமல் போக, 23-ஆம் தேதி இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சர் அழைத்து விளக்கம் கேட்டார். கரோனா காரணமாக முன்பே செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டிருந்த தனிநபர் கணக்குத் தாக்கல் தேதி, டிசம்பர் 31 வரை மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ஆறு நாள் நிறுத்தத்தைச் செம்மையாகத் திட்டமிட்டவர்கள், ஏழாம் நாளில் என்ன ஆகும் என்பதைத் திட்டமிடவில்லை.

2024-இல் கடவுச்சீட்டுச் சேவைத் தளம் ஆகஸ்ட் 29 இரவு 8 மணி முதல் செப்டம்பர் 2 காலை 6 மணி வரை பராமரிப்புக்காக நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட 30-ஆம் தேதிக்கு நேரம் பெற்றிருந்தவர்களுக்கு வேறு நாள் தரப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 13 அன்று எச்டிஎஃப்சி வங்கி தன் அடிப்படைக் கணினி அமைப்பை மாற்றியது. வங்கி விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 வரை எந்தச் சேவை எப்போது இருக்காது என்று தனித்தனியே முன்கூட்டி அறிவித்தது. இதே வங்கி, அடுத்தடுத்த முடக்கங்களுக்காக 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கியின் தடைக்கு உள்ளாகி, புதிய கடன் அட்டைகளை வழங்க முடியாமல் இருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கண்டிக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் மேலே இருந்தால் அறிவிப்பும் ஒழுங்காகிறது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் சேவையை நிறுத்திவிட்டுப் புதிய அமைப்புக்கு மாறியது. திங்கள்கிழமைக்குள் எல்லாம் சீராகும் என்பது திட்டம். சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தனர். 2022 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கும் மேல் அபராதம் விதித்தன. வாடிக்கையாளர்களுக்கு வங்கி இழப்பீடும் வழங்க வேண்டியிருந்தது. நாம் வாங்கும் கணக்கு மென்பொருளுக்கு இப்படி ஒரு கண்காணிப்பாளர் இல்லை.

அரசுத் தளம் முடங்கினாலும் நிவாரணம் தானாக வருவதில்லை. 2025 ஜனவரி 9, 10 தேதிகளில் ஜிஎஸ்டி தளம் முடங்கியது. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள். 10-ஆம் தேதியிட்ட அறிவிக்கையின் மூலம் அது 13 வரையிலும், ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் 22 வரையிலும் நீட்டிக்கப்பட்டன. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆனால், அறிவிக்கை வரும்வரை நாடு முழுவதும் கணக்கர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிக்கப்பட்ட 13-ஆம் தேதி இங்கே போகி. மறுநாள் பொங்கல், அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. மதுரைக் கடைவீதியின் ஆண்டு வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாளில், முதலாளியும் கணக்கரும் தாக்கல் வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

இது தாக்கல் செய்பவரின் பிரச்சினை மட்டுமல்ல. விற்பவர் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை உரிய நேரத்தில் தாக்கல் செய்தால்தான் வாங்குபவரின் உள்ளீட்டு வரிக் கணக்கில் அது அந்த மாதமே ஏறும். ஒருவர் தவறினால் மற்றவரின் பணம் ஒரு மாதம் முடங்கும். 'கடைசி நாள்வரை ஏன் காத்திருக்கிறீர்கள்?' என்று எளிதாகக் கேட்கலாம். சிறு வணிகர் கடனுக்குச் சரக்கு கொடுத்து, பாக்கி வசூலாகும் முன்பே வரியைக் கட்டுகிறார். 20-ஆம் தேதிவரை சட்டம் அவகாசம் தந்திருக்கிறது என்றால், 20-ஆம் தேதியும் அவருக்கு உரிய நாள்தான்.

இதற்கான கொள்கையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் 10-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: ஒரு செயலை முடிக்க வேண்டிய கடைசி நாளில் நீதிமன்றமோ அலுவலகமோ மூடியிருந்தால், அது திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும். செய்ய இயலாததைச் செய்யுமாறு சட்டம் வற்புறுத்தாது என்பது அதைவிடப் பழைய நீதி. கல் கட்டடத்துக்கு வழங்கிய இந்த நியாயத்தை சர்வருக்கும் வழங்குவதில் என்ன தடை?

எனவே, சில மாற்றங்கள் தேவை. முதலாவது, அரசுத் தளம் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் இயங்காத நாள்கள், தனி அறிவிக்கைக்குக் காத்திராமல் காலக்கெடுவில் தானாகவே கூட்டப்பட வேண்டும். தளம் எப்போது நின்றது, எப்போது வந்தது என்பது அதன் பதிவேட்டிலேயே இருக்கிறது. வணிகர் சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது, இந்திய வணிகர்களிடம் சந்தா பெறும் மென்பொருள் நிறுவனங்கள் இந்திய நாள்காட்டியைப் பார்த்துப் பராமரிப்பைத் திட்டமிட வேண்டும். மாதத்தின் 10, 11, 19, 20 தேதிகளைத் தொடவே கூடாது. அறிவிப்பு இந்திய நேரத்தில், தமிழிலும் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் புதைந்துபோகாமல், பில் போடும் திரையிலேயே ஒரு வாரம் தெரிய வேண்டும். பராமரிப்பு நேரத்திலும் பழைய கணக்கைப் பார்க்கவாவது ஒரு நகல் திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, அறிவித்த நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு மணி நேரமும் ஒப்பந்தக் கணக்கில் முடக்கமாகவே சேர வேண்டும். அதற்கு ஈடாகச் சந்தாவில் கழிவு தரப்பட வேண்டும். தனியார் மென்பொருள் நின்றால் அரசு காலக்கெடுவை நீட்டிக்காது. நீட்டிக்கச் சொல்வதும் நியாயமல்ல. அப்படியானால் அந்த இழப்பு, நிறுத்தியவரிடமே செல்ல வேண்டும்.

வணிகர்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. வாடிக்கையாளர் பட்டியல், பொருள் குறியீடு, பாக்கி விவரம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை தரவிறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை. அந்த ஞாயிறுக்குப் பிறகு என் வாடிக்கையாளர்கள் அனைவரிடமும் இதை வழக்கமாக்கியிருக்கிறேன். கல்லாப்பெட்டிக்கு அருகில் ஒரு பில் புத்தகமும் இப்போது இருக்கிறது.

எண்மப் பொருளாதாரம் என்று பெருமையுடன் பேசுகிறோம். கையால் கணக்கு எழுதிய காலத்தில் கடைக்காரரின் பேரேட்டை யாரும் பூட்டிவைக்க முடியாது. இன்று அது எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அதைப் பூட்டும் உரிமையும் வேறொருவரிடம் இருக்கிறது. அந்த உரிமையுடன் கடமையும் சேர்ந்தே வர வேண்டும். தெருப் பெயரும் நேரமும் சொல்லிவிட்டு மின்சாரத்தை நிறுத்தும் பழக்கம் நம் மின்வாரியத்துக்கு இருக்கிறது. அதைவிடப் பன்மடங்கு நவீனமான சேவைகளிடம் குறைந்தபட்சம் அதையாவது எதிர்பார்ப்பது மிகையான கோரிக்கை அல்ல.