வார்த்தைக்கு நடுவே ஒரு சின்னக் கோடு

கம்மாபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "காலேஜில் படிக்கும் என் பெண் இங்கிலீஷ் பத்திரிகையை வாசித்துக் காட்டினாள். நெய்வேலிக் கம்பெனியை 'ஸ்டேட்-ஓன்ட்' என்று போட்டிருக்கிறார்கள். ஸ்டேட் என்றால் தமிழ்நாடுதானே? அப்படியானால் சுரங்கம் நம்முடையதா? நாங்கள் நிலம் கொடுத்த குடும்பம். அதனால் கேட்கிறேன்."

நல்ல கேள்வி, அம்மா! படித்தவர்களே தடுமாறும் இடம் இது.

'ஸ்டேட்' என்பதன் மூலம் லத்தீன் மொழியின் 'ஸ்டேட்டஸ்'. நிலை என்று பொருள். மனிதரின் நிலையைக் குறித்த சொல், நாளாவட்டத்தில் ராஜாங்கத்தையே குறிக்கலாயிற்று. நம் நாட்டிலோ அதற்கு இரட்டை வேஷம்! 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் முதல் ஷரத்தில் 'ஸ்டேட்' என்றால் மாநிலம். பன்னிரண்டாம் ஷரத்திலோ மத்திய சர்க்கார், மாநில சர்க்கார், உள்ளூர் ஸ்தாபனங்கள் எல்லாமே 'ஸ்டேட்'தான்.

உங்கள் பெண் படித்தது இரண்டாவது அர்த்தத்தில். 1956-ல் தொடங்கிய நெய்வேலி ஸ்தாபனம் மத்திய சர்க்காருடையது. 1957 மே மாதம் நேருஜி வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். 2013-ல் மத்திய சர்க்கார் தன் 93.56 சதவிகிதப் பங்கில் கொஞ்சம் விற்க முற்பட்டது. தனியார் கைக்குப் போகக்கூடாதென்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் 3.56 சதவிகிதத்தைத் தமிழக சர்க்காரின் ஐந்து நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. ஆக, நீங்கள் நினைத்த அர்த்தத்திலும் ஒரு துளி உண்மை சேர்ந்துவிட்டது!

இன்னொன்று. 'ஸ்டேட்-ஓன்ட்' வேறு, 'ஸ்டேட்-ரன்' வேறு. முன்னது சர்க்காருக்குச் சொந்தமானது. பின்னது சர்க்கார் நடத்துவது. வீடு மாமியார் பேரில் இருக்கும், நிர்வாகம் மருமகள் கையில் இருக்கும் அல்லவா? அந்த வித்தியாசந்தான். தமிழில் முன்னதற்கு 'அரசுடைமை' என்ற அழகான சொல் இருக்கிறது. நடுவில் கோடுகூட வேண்டாம்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிரை இயந்திரங்கள் புரட்டிப் போட்டன. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிர்வாகம். பட்டயத்தில் உடைமை யாருடையதோ, பயிரை நட்டவளுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

ஆகவே, அம்மா, உங்கள் பெண்ணிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'ஸ்டேட்-ஓன்ட்' என்று எங்கே படித்தாலும், "எந்த ஸ்டேட்?" என்று முதலில் கேள். "அந்த ஸ்டேட்டில் நாமும் சேர்த்தியா?" என்று அடுத்தபடி கேள். முதல் கேள்விக்கு அகராதி பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்!