ஆகாய விமானத்துக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி

பரணில் எதை வைக்கலாம், ஒண்டுக் குடித்தனத்துச் சமையலறையில் அலமாரியை எங்கே அடிக்கலாம், தையல் மெஷினுக்குக் கீழே இருக்கும் இடத்தை எப்படி உபயோகிக்கலாம் என்றெல்லாம் இந்தப் பகுதியில் பேசியிருக்கிறோம். இந்த முறை சற்று உயரமான சமாசாரம். ஆகாய விமானத்துக்குள் சாமான் வைக்க ஒரு பெட்டி! "நமக்கும் விமானத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இடமோ சின்னது, சாமானோ நிறைய, உட்காருவதோ நம் வீட்டு மனுஷர்கள். மூன்றும் சேர்ந்தால் அது இல்லத்தரசியின் விஷயந்தானே?

என் தம்பி அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாநிலத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். போன வருஷம் ஆறு மாதம் அவன் வீட்டில் தங்கிவிட்டு வந்தேன். கார் நிறுத்தும் ஷெட்டிலேயே பல வருஷம் உழைத்து, அவன் ஒரு குட்டி விமானத்தைக் கட்டி முடித்திருக்கிறான். இப்போது அது ஊருக்கு வெளியே ஒரு சின்ன விமான தளத்தில் நிற்கிறது.

"வீட்டில் விமானமா! சர்க்கார் விடுவார்களா?" என்று நானும்தான் கேட்டேன். அந்த நாட்டில் அதற்குச் சட்டமே இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தக் கையால், கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ செய்திருந்தால் அது வீட்டுத் தயாரிப்பு விமானம். இப்படிக் கட்டுகிறவர்களுக்காக 1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் அதே விஸ்கான்ஸினில் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அங்குள்ள ஆஷ்காஷ் என்ற ஊரில் 1970 முதல் வருஷா வருஷம் கோடையில் அதன் திருவிழா நடக்கிறது. தம்பி கட்டியது ஆர்.வி.7 என்ற வகை. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் என்பவர் 1973-ல் தொடங்கிய கம்பெனி, இந்த ஆர்.வி. வகை விமானங்களுக்கான பாகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறது. இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்.வி. விமானங்கள் பறந்திருக்கின்றன.

இரண்டே ஆசனம். தோளோடு தோள் உரசி உட்கார வேண்டும். ஒவ்வொருவர் முழங்காலுக்கு நடுவிலும் ஒரு ஸ்டிக். அதுதான் ஸ்டீயரிங் மாதிரி. முதுகுக்குப் பின்னால் 45 கிலோ வரை சாமான் வைக்கலாம். ஆனால் பெல்ட் போட்டுக்கொண்ட பிறகு அங்கே கை எட்டாது. எதிரே ஓர் அறிவிப்புப் பலகை. இது அமெச்சூர்கள் கட்டியது, சாதாரண விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று பயணிக்கு எச்சரிக்கை! சட்டப்படி அதை ஒட்டியே ஆக வேண்டுமாம். அதைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவளுக்கு வயிற்றைக் கலக்காதா? தம்பி மனைவி ஒரே ஒரு தடவைதான் ஏறியிருந்தாள்.

அந்த ஒரு தடவையில் நடந்ததை அவள் என்னிடம் சொன்னாள். "அக்கா, இவர் கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்துடுச்சு. குனிஞ்சு தேடுறார். விமானம் மெதுவா ஒரு பக்கமா சாயுது. எனக்கு உசிரே போயிடுச்சு. இனிமே நான் குழந்தையை இதிலே அனுப்பவே மாட்டேன்!"

தம்பி சிரித்து மழுப்பினான். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்டிக்கின் அடிப்பாகம் தரைக்குக் கீழே போகிறது. பேனாவோ, கரண்டியளவு சாமானோ அதன் அடியில் போய் இடுக்கிக்கொண்டால் ஸ்டிக் திரும்பாது. தரையில் சாமான் விழுவது விமானத்தில் வெறும் அலங்கோலம் அல்ல, ஆபத்து. அதனால் இரண்டு ஆசனத்துக்கும் நடுவே ஒரு பெட்டி வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்.

"அளவு எடுத்து நாளைக்கே தகரம் வெட்டிடறேன்" என்றான் தம்பி. "இருடா, முதலில் அட்டைப் பெட்டியில் செய்து பார்ப்போம். ரவிக்கை தைக்கும்போதுகூடக் காகிதத்தில் வெட்டிப் பார்த்துத்தானே துணியில் கத்தரி வைக்கிறோம்?" என்றேன். பலசரக்கு வந்த அட்டையை வெட்டி, ஒட்டி, நடுவில் வைத்தோம். கணவனும் மனைவியும் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்கள். விஸ்கான்ஸின் குளிருக்கான பஞ்சுக் கோட்டையும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வெறும் உடம்பில் சரியாக இருப்பது, கோட்டில் சரியாக இருக்காது.

ஸ்டிக்கை நாலு பக்கமும் கடைசி வரை தள்ளிப் பார்த்ததில் முழங்கை அட்டையில் இடித்தது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்றை அவள்தான் கண்டாள். "பெட்ரோல் வால்வைத் திருப்புங்க பார்ப்போம்" என்றாள். வால்வு நடுவில், தரையில் இருக்கிறது. அவன் கை பெட்டியைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருந்தது.

அந்த வால்வு என்னவென்று சொல்கிறேன். இரண்டு இறக்கையிலும் ஏறக்குறைய 80 லிட்டர் பிடிக்கும் பெட்ரோல் டாங்க் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றிலிருந்துதான் எஞ்சினுக்குப் போகும். ஒரே பக்கம் கனம் கூடாமல் இருக்க, பறக்கும்போதே மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். தீப்பிடித்தால் அடைப்பதும் அதே வால்வுதான். நம் காஸ் சிலிண்டர் வால்வுக்கு எதிரே அரிசி மூட்டையை வைப்போமா?

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஜான் டென்வரைப் பற்றிச் சொன்னான். உலகமெல்லாம் பெயர் பெற்ற அமெரிக்கப் பாடகர். 1997 அக்டோபர் 12-ந் தேதி, கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில் அவருடைய விமானம் விழுந்து இறந்தார். வயது 53. அதுவும் வீட்டுத் தயாரிப்பு விமானந்தான்; பர்ட் ரூட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி. கட்டியது வேறொருவர், டென்வர் விலைக்கு வாங்கியது. வரைபடத்தில் பெட்ரோல் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவரோ அதை இடது தோளுக்குப் பின்னால் மாற்றி வைத்துவிட்டார். திருப்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பியபோது கால் தன்னையறியாமல் மிதியை அழுத்த, விமானம் கட்டுக்கடங்காமல் போயிற்று என்று விசாரணை நடத்திய வாரியம் சொன்னது. பெட்ரோல் போதிய அளவு நிரப்பாததும், அந்த விமானத்தில் அவருக்குப் போதிய பழக்கம் இல்லாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வால்வை எட்டாத இடத்தில் வைத்ததையும் வாரியம் விடாமல் குறிப்பிட்டது.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதில் ஓர் உயிர்!

அட்டையைக் குறைத்தோம். நீளம் 35 சென்டிமீட்டர், அகலம் 9, உயரம் 15. வால்வுக்கு முன்பே பெட்டி முடிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் தொடச் சொன்னோம், தொட்டான். பிறகுதான் அலுமினியத்தைத் தொட விட்டேன்.

வேலை நம் வீட்டு வேலை மாதிரி நறுவிசாக இருந்தது. தகடு ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியது. கோடு போடப் பென்சில் கூடாது; பென்சில் கரி அலுமினியத்தை அரிக்குமாம். மையினால்தான் போடுகிறான். மடிக்கும் இடத்தில் கூர்மையாக மடித்தால் விரிசல் விடும் என்று சற்று உருட்டி மடித்தான். ரிவெட் துளையின் மையம், ரிவெட் கனத்தைப் போல் இரண்டு மடங்காவது ஓரத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஓரத்தை ஒட்டித் தையல் போட்டால் துணி பிரிந்துவிடாதா, அதே கணக்குத்தான். வெட்டிய விளிம்பெல்லாம் பிசிறு போகத் தேய்த்தோம். பிசிறு கையையும் கிழிக்கும், விரிசலுக்கும் வழி காட்டும்.

பெட்டியை நிரந்தரமாக அடித்துவிடவில்லை. வருஷம் ஒரு முறை தரைப் பலகையைத் திறந்து பரிசோதிக்க வேண்டுமாதலால், கழற்றும்படி ஸ்க்ரூவில் பொருத்தினான். மூடிக்குக் காந்தத் தாழ்ப்பாள் வேண்டாம் என்றான். திசைகாட்டி முள்ளைக் காந்தம் இழுத்துவிடும். திருகு தாழ்ப்பாள் போட்டோம். காற்றுக் குலுக்கலில் சாமான் மேலே எழும்புமாதலால் மூடி கட்டாயம்.

சமையலறைத் தராசில் நிறுத்தோம். அரைக் கிலோ. அதைத் தம்பி விமானத்தின் எடைக் கணக்கில் எழுதினான். எவ்வளவு எடை, எந்த இடத்தில் என்று இரண்டையும் எழுத வேண்டும். ஏற்றப்பலகை விளையாட்டில் குழந்தை நடுவில் உட்கார்ந்தால் பலகை அசைவதில்லை, ஓரத்தில் உட்கார்ந்தால் சாய்கிறது அல்லவா? பெட்டி நடுப்பகுதியில் இருந்ததால் சாய்வு அதிகமில்லை. எல்லாம் ஏற்றியபின் மொத்தம் 816 கிலோவைத் தாண்டக் கூடாது.

பெட்டிக்குள் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாதென்று மூடியின் உட்புறம் எழுதி ஒட்டினாள் தம்பி மனைவி. இந்த விமானம் குட்டிக்கரணம் போடும்போது பாரம் ஆறு மடங்காகலாம். பெட்டியும் சாமானும் சேர்ந்த இரண்டு கிலோ அப்போது 12 கிலோவாக இழுக்கும். ஸ்க்ரூ தாங்க வேண்டாமா?

உள்ளே என்ன வைத்தாள் என்று சொல்கிறேன். வாந்தி வந்தால் பிடிக்க உறைகள், மூடி இறுகிய அரை லிட்டர் தண்ணீர், ஈரத் துணி, நூலில் கட்டிய இரண்டு பேனா, சின்ன டார்ச், உலர்ந்த திராட்சை. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். 10,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் எழுபது சதவீதந்தான், பாக்கெட் பலூனாக உப்பிவிடும். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பாட்டரியும் மூடிய பெட்டிக்குள் கூடாது. சூடேறித் தீப்பிடித்தால் கண்ணில் படாது.

எல்லாம் முடிந்து, ஸ்டிக்கை மறுபடி நாலு பக்கமும் தள்ளிப் பார்த்து, தம்பி தனியாக ஒரு சுற்றுப் பறந்து வந்தான். அடுத்து அவள் ஏறினாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்து வயது மகளைத் தன் கையாலேயே தூக்கி உட்கார வைத்தாள். "அந்தப் பலகையிலே எழுதியிருக்கிறது இப்பவும் அப்படியேதான் இருக்கு அக்கா. ஆனா எது எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

சகோதரிகளே, நம்மில் யாரும் விமானம் கட்டப் போவதில்லை. கார் இருக்கிறது. ஓட்டுகிறவர் காலடியில் தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போனால் என்ன ஆகும்? இன்றைக்கே அந்தப் பாட்டிலுக்கு ஓர் இடம் பாருங்கள். சமையலறையில் அடுப்பின் மேலாகக் கையை நீட்டி எடுக்கும் டப்பா ஏதாவது உண்டா? காஸ் வால்வை மறைத்துக்கொண்டு கூடை இருக்கிறதா? புது அலமாரி அடிப்பதற்கு முன்பு அட்டையில் செய்து வைத்து, புடவைத் தலைப்போடு, இடுப்பில் குழந்தையோடு நின்று கையை நீட்டிப் பாருங்கள். சாமானுக்கு இடம் தேடும்போது, அவசரத்துக்குத் திருப்ப வேண்டிய கைப்பிடியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் வீட்டில் எந்த மூலை உங்களுக்குத் தொல்லை கொடுக்கிறது? எழுதுங்கள். அடுத்த இதழில் சேர்ந்து யோசிப்போம்.