அக்னி ஸ்தலத்தில் ஒரு வாளித் தண்ணீர்

திருவண்ணாமலை அக்னி ஸ்தலம் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகைத் திருநாளில் மலையுச்சியில் எரியும் தீபத்துக்கு நெய்யும் திரியும் போதும். அடிவாரத்தில் வருஷம் முழுவதும் எரிகிற விளக்குகளுக்கோ வேறு விதமான பணிவிடை வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி இந்த வாரம் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

ரமணாசிரமத்துக்கு முன்னால் செல்லும் செங்கம் சாலை கிரிவலப் பாதையின் ஒரு பகுதி. பௌர்ணமி இரவுகளில் திரள் திரளாக ஜனங்கள் சுமார் 14 கிலோமீட்டர் தூரம் மலையை வலம் வருகிறார்கள். அநேகர் காலில் செருப்பு இல்லை. அவர்கள் கண்ணுக்கு மலை தெரிகிறது, லிங்கங்கள் தெரிகின்றன, சுக்குக் காப்பிக் கடையும் தெரிகிறது. கம்பங்களின் மேல் உட்கார்ந்து மெல்ல முனகும் இரும்புப் பெட்டியை மட்டும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டாக அடக்கிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் அதுதான். 1932-ல் பைகாராவிலும் 1937-ல் மேட்டூரிலும் பிறந்த மின்சாரம் தொலைதூர ஊர்களை எட்டியதும் இந்த ஜாதிப் பெட்டிகளின் உபகாரத்தால்தான்.

மகரிஷியின் சந்நிதியில் மௌனத்துக்கு மகிமை அதிகம். டிரான்ஸ்பார்மரும் ஏறக்குறைய மௌனிதான். ஆனால் அது வாய் திறந்து பேசும் நாள் ஊருக்கு நல்ல நாளாயிராது. ஆகவே அதன் க்ஷேமத்தை நாமே போய் விசாரிக்க வேண்டும்.

முதல் விசாரணை எண்ணெயைப் பற்றியது. உள்ளேயிருக்கும் கம்பிச் சுருள்களைக் குளிர வைப்பதும், மின்சாரம் தாவாமல் காப்பதும் அந்த எண்ணெயே. ஈரம் அதற்குச் சத்துரு. எண்ணெயில் சிறிது எடுத்து, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்து மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள். நல்ல எண்ணெய் 30,000 வோல்ட்டையாவது தாங்கும். பெட்டி மூச்சு விடும் குழாயில் சிலிக்கா ஜெல் என்ற மணிகள் உண்டு. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, மெக்கர் என்ற கருவியால் சுருள்களின் காப்பைச் சோதிப்பது. சூடு பத்து டிகிரி ஏறினால் இந்தக் கணக்கு ஏறக்குறைய பாதியாகிவிடும். மார்கழிக் காலையில் எடுத்த அளவையும் சித்திரை நண்பகலில் எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிட்டால் வீண் கலவரந்தான் மிஞ்சும். உஷ்ணத்தையும் சேர்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சென்ற வருஷத்துக் கணக்கோடு பார்த்தால்தான் வியாதி தெரியும்.

மூன்றாவதுதான் திருவண்ணாமலைக்கு முக்கியமானது. பெட்டியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஒரு கம்பி பூமிக்குள் போகிறது. கம்பத்தின் இரும்பில் மின்சாரம் கசிந்தால், அது தரைக்குள் இறங்கி, பியூஸ் எரிந்து போக வேண்டும். பூமித் தொடர்பு கெட்டிருந்தால் பியூஸ் எரியாது. இரும்பு உயிருடன் நிற்கும். அருகில் வெறுங்காலோடு வருகிறவரின் கதி என்ன? இந்தத் தொடர்பின் தடை ஐந்து ஓமுக்கு மேற்படலாகாது என்பது வழக்கிலுள்ள விதி. களிமண் பூமியில் இது சுலபம். பாறையோ ஈரக் களிமண்ணைப் போல நூறு மடங்குக்கு மேல் தடை செய்யும். அதனால்தான் குழி தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு, தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தீபத் திருவிழாவுக்கு முன்னால் சகல வேலைகளும் மும்முரமாக நடப்பது இயற்கை. ஆனால் அது வடகிழக்குப் பருவ மழைக் காலம். பூமி நனைந்திருக்கும், மோசமான குழியும் அப்போது பரீட்சையில் தேறிவிடும். அதே குழி பங்குனி, சித்திரையில் வறண்டு போய்த் தவறிவிடக்கூடும். சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் குறைவா? நிஜமான பரீட்சை கோடையில்தான் நடக்க வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். குழிக்கு ஒரு வாளித் தண்ணீர் வேண்டியதும் அப்போதுதான்.

ஆசிரமத்துப் பக்கத்தில் குரங்குகளுக்குக் குறைவில்லை. மகரிஷி அவற்றோடு பழகிய கதைகள் பிரசித்தமானவை. கம்பத்திலே தாவும் குரங்கு தன் உயிரையும் இழந்து, தெருவையும் இருட்டாக்கிவிடும். பெட்டியின் தலையிலுள்ள கம்பிகளுக்குக் காப்புறை மாட்டுவது ஜீவகாருண்யமும் சிக்கனமும் சேர்ந்த காரியம்.

இனி நமது கடமை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில், காலையில் மின்விசிறி நின்றதும் முணுமுணுக்கத் தொடங்குகிறோம். விடுதிக்காரர்கள் ஜெனரேட்டரைக் கிளப்புகிறார்கள். அதற்கு உரிய மாற்று ஸ்விட்ச் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் பின்பக்கமாகத் தெருக் கம்பியில் ஏறும். டிரான்ஸ்பார்மருக்குத் திசை தெரியாது. 230-ஐ மறுபடி 11,000 ஆக்கி, கம்பத்தின் மேலிருக்கும் லைன்மேனிடம் அனுப்பிவிடும். அதற்காகத்தான் அவர் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கம்பிகளைப் பூமியோடு இணைத்துவிட்டே கை வைக்க வேண்டும். அந்த நிமிஷத்தை மிச்சப்படுத்தச் சொல்லி எவரும் அவசரப்படுத்தலாகாது.

டிரான்ஸ்பார்மரின் அடியில் குப்பையைக் கொட்டாமலும், ஆட்டைக் கட்டாமலும், கோடையில் எர்த் குழி வறண்டு கிடந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லியும் உதவினால், அதுவும் கிரிவலம் வருவோருக்குச் செய்கிற ஒரு தொண்டுதான்.